கேள்வியும் கருவியும்

(திருவண்ணாமலையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



நமது மாணவர் உதவி நிதியைக்கொண்டு பிள்ளைகளுக்குத் தனித்தனியே கணினி வாங்கித் தரலாமென்று அன்பர் சிலர் அபிப்பிராயப்படுகின்றனர். அவர்களுடைய நன்னோக்கத்தைப் போற்றுகிறேன். ஆயினும், கருவியை வாங்குமுன் அதைக்கொண்டு பிள்ளைகள் யாது செய்வரென்று ஆலோசித்தல் அவசியமன்றோ?

மண்சரிவு ஏன் உண்டாகிறதென்று எழுதிவரும்படி என் பேரனுக்குப் பாடசாலையில் சொல்லியிருந்தார்கள். அவன் கைப்பேசியைத் தடவினான். கால் நாழிகைக்குள் இரண்டு பக்கம் எழுதி முடித்தான். "அப்பா, நம் மலை ஏன் சரிந்தது?" என்று வினவினேன். விழித்தான். விடை ஏட்டில் இருந்தது, அவனிடத்தில் இல்லை.

அக்கேள்வி நமக்குப் பரீட்சைக் கேள்வி மாத்திரமன்று. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தது. மறுநாள், பெருமழையில் நமது மலைச்சாரலிலே மண்ணும் பாறையும் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. எழுவர் மாண்டனர், அவருள் ஐவர் குழந்தைகள். தினந்தோறும் தொழுகின்ற மலையைப் பற்றி நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி இதனினும் வேறு உண்டோ?

அதனை எங்ஙனம் ஆராய்வது? நேரான சுவருள்ள பாத்திரமொன்றை மாடியில் வைத்து மழையை அளக்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழையென்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். தாம் அளந்ததை வானிலை நிலையத்தார் வெளியிடும் கணக்கோடு ஒப்பிடலாம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2009-இல் தொடங்கிய 'புவன்' என்னும் இணையப் படத்தில், மலையில் மரமடர்ந்த இடமெது, வெறுமையான இடமெது, அடிவாரத்தில் வீடுகள் எதுவரை ஏறியுள்ளன என்று காணலாம். மண்ணுள் புகுந்த நீர் அதன் பாரத்தை மிகுத்துப் பிடிப்பைக் குறைக்கிறது. வேர்கள் மண்ணைப் பிணிக்கின்றன. இவ்வுண்மையைத் தாமே கண்டறிந்த பிள்ளை ஒருநாளும் மறவான். கண்ணுக்கெட்டாததைக் காட்டுவதே கணினியின் தொழில். கேள்வி பிள்ளையினுடையதாதல் வேண்டும்.

இதற்கொரு சான்றுண்டு. 1999-இல் டெல்லியில் தெருச்சுவரொன்றில் கணினியைப் பதித்துச் சேரிப் பிள்ளைகளிடம் விட்டவர் சுகத மித்ரா என்னும் பேராசிரியர். பின்னர் அவர், தமிழ் பேசும் காளிக்குப்பம் என்னும் கடலோரக் கிராமத்தில், உயிர்த் தொழில்நுட்பப் பாடங்களை ஆங்கிலத்திலேயே கணினியில் ஏற்றி வைத்தார். உபாத்தியாயர் எவருமிலர். பிள்ளைகள் கூட்டமாய்க் கூடி ஆராய்ந்து, பூஜ்யத்தினின்றும் நூற்றுக்கு முப்பது அளவு மதிப்பெண் பெற்றனர். பிறகு, அச்சாஸ்திரம் அறியாத இளம்பெண்ணொருத்தி அவர்கள் பின்னே நின்று, "இது யாது? எனக்குச் சொல்" என்று வியந்து கேட்டு வந்தாள். மதிப்பெண் ஐம்பதளவு உயர்ந்தது. இவ்வொரு சோதனையால் உபாத்தியாயர் வேண்டாவென்று முடிவு கட்டுதல் தகாது. கூட்டமாய்க் கற்பதும், பரிவோடு கேட்பவர் ஒருவர் அருகிருப்பதும் எத்துணைப் பயன் தருமென்பதையே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டும்.

அரசாங்கத்தார் 2011 முதல் மேல்நிலை மாணவர்க்கு மடிக்கணினி வழங்கினர். 2018 முதல் பாடநூல்களிலே கைப்பேசியால் படிக்கத்தக்க குறியீடுகளும் அச்சிடப்பட்டன. ஆதலால் கருவிக்கு அத்துணைப் பஞ்சமில்லை. உடனிருந்து கேட்பார்க்கே பஞ்சம்.

ஆகவே என் விண்ணப்பம் இது. நமது சங்கக் கட்டிடத்தில் ஓர் அறையை ஒதுக்குவோம். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கணினி போதும். ஆணும் பெண்ணும் சமமாய் அமரட்டும். மாடியில் ஒரு மழைமானி வைப்போம். மாலைதோறும் தாய்மாரோ, உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றோரோ ஒருவர் முறைவைத்து வந்திருக்கட்டும். அவர் படித்தவராயிருக்க வேண்டுவதில்லை. "எனக்குச் சொல்" என்று கேட்கும் பொறுமையே போதும். முதல் மாலைக்கு நானே வருகிறேன். அடுத்த மழைக்காலத்துக்குள் இதனை நிறைவேற்றித் தருமாறு சபையோரை வேண்டி அமர்கிறேன்.