பந்து வீசலாம், அணியை நடத்தக் கூடாதா?

(தாராசுரத்தில் கிராமக் கிரிக்கெட் அணிகளைச் சேர்ந்த இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் 'மரபு' என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாளும் போகாது. இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் 2004இல் உலக மரபுச் சின்னமானது. கல்லில் இருக்கும் வேலைப்பாட்டைக் காப்பாற்றுங்கள் என்றால் நமக்கு மறுப்பு இல்லை. யார் எங்கே நிற்க வேண்டும், யார் எதைத் தொடக் கூடாது என்ற ஏற்பாட்டையும் அதே பெயரைச் சொல்லிக் காப்பாற்றும்போதுதான் மறுக்கிறோம். அந்த ஏற்பாடு விளையாட்டுத் திடலில் எப்படி வேலை செய்கிறது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு தாடிக் கதை. அமெரிக்காவில் நம் கிரிக்கெட்டைப் போல மக்கள் கொண்டாடும் ஆட்டம் பேஸ்பால். அதில் புகழ்பெற்ற அணி நியூயார்க் யாங்கீஸ். அதன் முதலாளி ஜார்ஜ் ஸ்டெயின்பிரென்னர் 1970களில் ஒரு விதி போட்டார். ஆட்டக்காரர்கள் மீசை வைக்கலாம், தாடி வைக்கக் கூடாது, முடி சட்டைக் காலருக்குக் கீழே இறங்கக் கூடாது. அதுவே அந்த அணியின் 'மரபு' ஆகிவிட்டது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், அவருடைய மகன் ஹால் அந்த விதியைத் தளர்த்தினார். நல்ல ஆட்டக்காரர்கள் இதனால் வராமல் போய்விடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. முதலாளி போட்ட மரபு, முதலாளி வீட்டுக் கணக்கு மாறியதும் போய்விட்டது. மரபு என்று யாராவது சொன்னால், அதைப் போட்டது யார், எடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

நம்மூரிலும் முடி ஒரு பிரச்சினைதானே? பக்கவாட்டில் ஒட்ட வெட்டிய பையனைப் பார்த்தவுடன் 'புள்ளிங்கோ' என்கிறார்கள். அந்தச் சொல்லில் கேலி மட்டுமா இருக்கிறது? எந்தத் தெருப் பையன் என்ற ஊகமும் இருக்கிறது. அதே பள்ளியில் இன்னொரு பையன் கையில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டி வந்தால், பல காலம் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகுதான் நீதிபதி சந்துரு குழு அமைந்தது. வண்ணக் கயிறு கூடாது என்று 2024இல் அந்தக் குழு பரிந்துரைத்தபோது, மரபில் கை வைப்பதாகச் சிலர் பொங்கினார்கள். முடியை வெட்டச் சொன்னால் ஒழுக்கம், கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் பண்பாட்டுக்கு ஆபத்து!

ஆனால் தம்பிகளே, முடியோடும் சட்டையோடும் இந்தப் பேச்சை முடித்துக்கொள்ள முடியாது. நாம் வித்தியாசமாக ஆடினால் ரசிக்கவே செய்வார்கள். நம் ஆட்டம் வெற்றி தருமென்றால் எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள். அதற்கு அப்பால் ஒரு கோடு இருக்கிறது.

பேஸ்பாலையே பாருங்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அதன் பெரிய லீக்குகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை. எழுதிவைத்த விதி எதுவுமில்லை, முதலாளிகளுக்குள் ஓர் உடன்பாடு, அவ்வளவுதான். கறுப்பர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகள் நடத்தினார்கள். அங்கே துணிச்சலான ஓட்டமும் எதிரணியை நிம்மதியாக நிற்கவிடாத வேகமும் வளர்ந்தன. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கியபோது அந்த ஆட்டத்தையும் கொண்டுபோனார். ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1972 அக்டோபரில் உலகத் தொடர் ஆட்டத்தில் அவரை அழைத்து மரியாதை செய்தார்கள். அந்த மேடையிலேயே அவர், அணியை நடத்தும் மேலாளர் இடத்தில் ஒரு கறுப்பரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். பெரிய லீக்கில் முதல் கறுப்பின மேலாளராக ஃபிராங்க் ராபின்சன் வந்தது 1975இல். ஆடவிட்டதற்கும் நடத்தவிட்டதற்கும் நடுவில் 28 ஆண்டுகள்.

இந்தியாவில் இது இன்னும் முன்பே நடந்தது. பல்வாங்கர் பாலூ தோல் தொழில் செய்யும் தீண்டப்படாத சாதியில் பிறந்தவர். புனாவில் கிரிக்கெட் திடலைப் பெருக்கி உருட்டும் வேலை, மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளையர் கிளப்பில் 4 ரூபாய். துரைமார்கள் பயிற்சி எடுப்பதற்காக மணிக்கணக்கில் பந்து போட்டார். மட்டையை மட்டும் அவர் கையில் தரவில்லை.

அவருடைய இடக்கைச் சுழல் வெள்ளையரை வீழ்த்தும் என்று தெரிந்ததும் புனா இந்துக்கள் அணி சேர்த்துக்கொண்டது. திடலில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை, சாப்பாட்டுக்குத் தனி மேசை. பந்துக்கு இல்லாத தீட்டு குவளைக்கு எங்கிருந்து வந்தது? 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகள் எடுத்தவர் அவர். ஆனாலும் பம்பாயில் இந்துக்கள் அணியின் தலைமை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கைநழுவியது.

1920இல் பாலூவை அணியிலிருந்தே விட்டுவிட்டு, அவருடைய தம்பிகளையும் தாண்டி வேறொருவரைத் தலைவராக்கினார்கள். தம்பிகள் விட்டலும் சிவராமும் "ஆட மாட்டோம்" என்று வெளியேறினார்கள். அதன் பிறகே பாலூ துணைத் தலைவராகத் திரும்பினார். 1923இல் விட்டல் தலைவரானார், அணி வென்றது. பின்னாளில் பாலூ காங்கிரஸ் சார்பில் நின்று, 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரிடம் தோற்றார். அந்த அரசியலில் நாம் அண்ணலின் பக்கம். அதற்காக மண்குவளையில் தேநீர் குடித்தவரின் கணக்கை மறந்துவிட முடியாது. ஆட்டத் திறமை அந்தச் சகோதரர்களை அணிக்குள் கொண்டுவந்தது. தலைமைக்குக் கொண்டுபோனது, கூடி மறுத்த அந்த ஒரு நாள்.

நம் பக்கம் வாருங்கள். சம்பா அறுவடை முடிந்த வயலில் பிட்ச் போட்டு ஆடுகிறோம். ஆடும்போது ஒரே வயல்தான். அணி என்று வரும்போது ஊர்த்தெரு அணி வேறு, காலனி அணி வேறு. 2024இல் வந்த 'ப்ளூ ஸ்டார்', 'லப்பர் பந்து' இரண்டு படங்களும் இதைத்தான் பேசின. 'லப்பர் பந்து' நாயகன் எந்த அணிக்கும் போய் ஆடிக் கொடுப்பான். சொந்த ஊர் அணிக்குள் மட்டும் சாதி அவனை விடாது. படம் பார்த்துக் கைதட்டிய நாம் நம் அணியை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அதனால் உங்களிடம் சில கேள்விகளை விட்டுச் செல்கிறேன். வீட்டுக்குப் போய் விடை தேடுங்கள். உங்கள் அணியின் பெயரைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடுகிறதா? சட்டையின் நிறம் எந்தக் கொடியிலிருந்து வந்தது? காலனித் தம்பி கடைசி ஓவர் போட மட்டும் வருகிறானா, ஃபீல்டிங்கை நிறுத்தும் இடத்திலும் இருக்கிறானா? பரிசுப் பணத்தைப் பிரிக்கும்போது அவன் எங்கே நிற்கிறான்? ஆட்டம் முடிந்து டீ குடிக்க எல்லோரும் ஒரே திண்ணையில் உட்காருகிறீர்களா? உங்கள் தங்கை ஆட வந்தால் மட்டை கொடுப்பீர்களா?

முடியை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அது உங்கள் தலை. அடுத்த தொடருக்குப் பெயர் கொடுக்கும்போது, கேப்டன் என்ற இடத்தில் இதுவரை எழுதாத தெருவிலிருந்து ஒரு பெயரை எழுதுங்கள். அன்றைக்குத் தெரிந்துவிடும், உங்கள் அணியின் மரபு யார் கையில் இருக்கிறது என்று.