குறும்பும் திமிரும்

(மாணவர் பயிற்சி முகாமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பகல் பூரா வங்கிக் கவுண்டருக்குப் பின்னால உக்காந்து அடுத்தவங்க பணத்த எண்ணுறவன். சாயங்காலம் எங்க காலனிப் படிப்பு மையத்துல பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தர்றேன். ராத்திரி தூக்கம் வரலன்னா கவிதை. 'பள்ளியும் ஒழுங்கும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் படிப்பு மையத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2025 கடைசியில் எங்கள் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் தொத்திக்கொண்டது. ஆறும் ஏழும் அடுத்தடுத்துக் காதில் விழுந்தால் போதும், ரெண்டு உள்ளங்கையையும் தராசுத் தட்டு மாதிரி ஏத்தி இறக்கி, 'சிக்ஸ் செவன்' என்று மொத்தக் கூட்டமும் கத்தும். ஆறேழு நாற்பத்திரண்டு என்று வாய்ப்பாடு சொல்லித்தர வழியில்லை. அமெரிக்க ராப் பாட்டு ஒன்றிலிருந்து கிளம்பி, செல்போன் வழியாக எங்க தெரு வரைக்கும் வந்த விசயம் அது. அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கிடையாது. அமெரிக்காவில் பல பள்ளிகள் அதற்குத் தடை போட்டன. 2016இல் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப்போட்டு நிமிர்த்தி நிறுத்துகிற விளையாட்டுக்கும், 2017இல் விரலில் சுழற்றுகிற ஸ்பின்னருக்கும் போட்ட மாதிரியே.

நானும் போட்டேன். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில், 'கத்தக் கூடாது, கையாட்டக் கூடாது' என்று எழுதினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து நின்றாள். "அண்ணே, ஸ்கூல்ல அவங்க கத்துனா சாரு சிரிக்கிறாரு. நாங்க கத்துனா காலனிப் புத்திங்குறாரு. அங்க கத்த முடியலன்னுதான் இங்க வந்து கத்துறோம். இங்கயும் கூடாதுன்னா எங்க போயி கத்துறது?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இந்தப் பேச்சே அவளுக்கான பதிலைத் தேடுவதுதான்.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் வகுப்பில் ஒரு விளையாட்டு. வாத்தியார் போர்டு பக்கம் திரும்பியதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இரைவோம். யார் வாயும் அசையாது. வகுப்பே வண்டுக்கூடு மாதிரி இரையும். ஊர்ப் பையன்களும் நாங்களும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒருநாள் வாத்தியார் பொறுமை இழந்து திரும்பினார். யாருன்னு கேக்கல. "ஸ்காலர்ஷிப் வாங்குறவன்லாம் எந்திரி" என்றார். பதினோரு பேர் எழுந்தோம். முட்டி போட வைத்தார். அப்புறம் முன்பெஞ்சு பையன் ஒருவன் தானும்தான் செய்தேன் என்று ஒத்துக்கொண்டான். அவனுக்கு, "குறும்புக்காரப் பயல்" என்று காதில் ஒரு செல்லக் கிள்ளு. எங்களுக்கு, "திமிரு".

செயல் ஒன்றுதான், சத்தமும் ஒன்றுதான். ஆனால் பெயர் இரண்டு. இந்தப் பெயர் வைக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் ஒழுங்கு பற்றிய முதல் கேள்வி. மறுநாள் என் அம்மாவை வரச் சொன்னார்கள். கூலி வேலையை விட்டுட்டு வந்து வராண்டாவில் நின்றபடி, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்" என்றாள். அவள் என்மேல் பிரியமில்லாதவள் இல்லை. என்னைப் பள்ளியில் இருத்திவைக்க அவளிடமிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அம்பேத்கர் பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கணக்கு ஒன்றைப் போடச் சொல்லி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். உடனே வகுப்பில் கூச்சல், தள்ளுமுள்ளு. கரும்பலகைக்குப் பின்னால் மாணவர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. அம்பேத்கர் கரும்பலகையைத் தொடுவதற்குள் அவற்றை எடுத்துவிட ஓடுகிறார்கள்.

வகுப்பைக் குலைக்கும் நடத்தை என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இதை யாரும் சேட்டை என்று சொல்லவில்லை. 'ஆசாரம்' என்றார்கள். பாடத்தைக் கெடுக்கிற எல்லாமே பள்ளிக்கூடத்தின் கண்ணுக்கு ஒழுங்கீனமாகப் படுவதில்லை.

கறுப்பின மக்களின் அனுபவமும் இதுவே. அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், பள்ளியைத் தொந்தரவு செய்வதே குற்றம் என்று ஒரு சட்டம் இருந்தது. 2015 அக்டோபரில் கொலம்பியா நகரில் ஒரு கறுப்பின மாணவி செல்போனை ஒப்படைக்கவில்லை, வகுப்பை விட்டு வெளியேறவும் மறுத்தாள். பள்ளிக் காவலர் அவளை மேசையோடு சாய்த்து இழுத்துப் போட்டார். அவளும், அதைத் தட்டிக்கேட்ட சக மாணவியும் அந்தச் சட்டத்தின் கீழ்க் கைதானார்கள். தங்கள் பள்ளி மாணவர்கள்மீதே அதைப் பாய்ச்சுவதற்கு முடிவுகட்டி 2018இல்தான் திருத்தினார்கள். 2011-12 கல்வியாண்டுக்கான அமெரிக்கக் கல்வித் துறையின் கணக்குப்படி, கறுப்பின மாணவர்கள் வெள்ளை மாணவர்களைப் போல மூன்று மடங்கு வீதத்தில் பள்ளியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார்கள். கலிபோர்னியாவில் 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்ற காரணம் காட்டி மாணவர்களை விலக்கிவைப்பதைப் படிப்படியாகக் குறைத்து, 2023இல் எல்லா வகுப்புக்கும் நிறுத்திச் சட்டம் செய்தார்கள். 'கீழ்ப்படியாமை' என்பது எவ்வளவு பெரிய சாக்குப்பை பாருங்கள். பிடிக்காதவனை எல்லாம் அதுக்குள்ள போட்டுக் கட்டிரலாம்.

அப்படியானால் பள்ளியில் தடையே கூடாதா? அப்படிச் சொல்ல நான் வரவில்லை. இங்கேதான் கவனம் வேண்டும்.

2019இல் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. சாதியைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று மாணவர்கள் கயிறு கட்டிவரும் பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்கச் சொன்னது அது. எதிர்ப்புக் கிளம்பியதும் அமைச்சரே பழைய நிலை தொடரும் என்று சொல்லிவிட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றியில் சாதி அடையாளம் கூடாது. அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். உதவித்தொகை விசயத்தை வகுப்பில் அறிவிக்காமல் தனியாகத் தெரிவிக்க வேண்டும். இவை அதன் பரிந்துரைகளில் சில. கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது என் முட்டி வலித்தது, தோழர்களே.

தடைகளுக்கு நான் வைக்கிற அளவுகோல் எளிமையானது. ஒரு செயல் இன்னொரு பிள்ளையைச் சிறுமைப்படுத்துகிறதா? அப்படியானால் தடை செய், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும். வெறுமனே வாத்தியாரின் காதைக் குடைகிறதா? பேசு, சிரி, கொஞ்சம் விட்டுப்பிடி. பாட்டில் உருளுவதற்கும் கயிறு கட்டுவதற்கும் ஒரே விதி எழுதுகிறவன் இரண்டையும் புரிந்துகொள்ளாதவன். பாட்டிலுக்கு விதி எழுதிவிட்டுக் கயிற்றைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறவனோ நன்றாகப் புரிந்துகொண்டவன்.

இதில் மாணவர்களுக்கும் இயக்கத்தவர்க்கும் வேலை இருக்கிறது. நம் பகுதிப் பள்ளிகளில் போன வருசம் யார் யாருக்கு டி.சி. கொடுத்து அனுப்பினார்கள், என்ன காரணம் எழுதினார்கள் என்று கணக்கெடுங்கள். அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை என்பதைப் பெற்றோரிடம் கொண்டுபோங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நம் அம்மாக்கள் போகணும். போய் வராண்டாவில் நிற்கக் கூடாது, நாற்காலியில் உட்காரணும்.

அந்தப் பிள்ளை கேட்டதற்கு மறுநாள் பதில் சொன்னேன். போர்டில் எழுதியதை அழித்துவிட்டு, "விதிய நீங்களே எழுதுங்க" என்று சாக்பீஸை நீட்டினேன். முதல் அஞ்சு நிமிசம் கத்தலாம் என்று எழுதினார்கள். ரெண்டாவது விதிக்கு ரொம்ப நேரம் ஆனது. கடைசியில் அவளே எழுதினாள்: 'யாரும் யாரையும் தெருவச் சொல்லிக் கூப்புடக் கூடாது.'

அந்த அஞ்சு நிமிசம் காது கிழிகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சண்டைக்கு வருகிறார். இருக்கட்டும். ஆறாம் வாய்ப்பாடு இப்போது எல்லாருக்கும் தெரியும்.

இனி நீங்கள் பேசுங்கள்.