நம் ஊரை நாம் பார்த்தோமா?

(லாலாகுடாவில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஏதாவது யாத்திரை அனுபவம் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். ஐரோப்பா போய்வந்ததைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அங்கேதான் ஆரம்பிக்கப் போகிறேன். ஆனால் சீக்கிரமே மூசி நதிக்கரைக்குத் திரும்பிவிடுவேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, 1972-ல் தணிக்கைத் துறை உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்தேன். 2008-ல் ஓய்வு பெற்றேன். 36 வருஷம் வவுச்சர் இல்லாத எந்தச் செலவையும் ஒப்புக்கொள்ளாமல் காலம் தள்ளியவன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வந்த நாளிலிருந்து வாசம் லாலாகுடாதான். நிஜாம் ரயில்வே 1893-ல் இங்கே ஒர்க்ஷாப் வைத்தது. ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த நம்மவர் குடும்பங்கள் இங்கே ஏராளம். எனக்கு முதலில் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரும் அப்படி ஒரு ரயில்வே மாமாதான்.

2016-ல் ஜெர்மனியில் இருக்கும் எங்கள் பெண்ணிடம் போயிருந்தோம். அவள் எங்களைச் செக் நாட்டுத் தலைநகரான பிராகுக்கு அழைத்துப் போனாள். கொடி பிடித்தவர் பின்னால் நாற்பது பேரோடு ஓடுவது நமக்கு ஒத்துவராது என்று, எங்கள் மூவருக்கு மட்டுமாக ஒரு வழிகாட்டி அம்மாளை ஏற்பாடு செய்திருந்தாள். கல் பாவிய தெருக்களில் அரை நாள் நடந்தோம். 1357-ல் கட்ட ஆரம்பித்த சார்லஸ் பாலத்தைப் பார்த்தோம். டைகோ பிராஹி என்ற வானியல் அறிஞரின் சமாதி இருக்கும் தேவாலயத்தையும் காட்டினார். கெப்ளர் தமது முதல் இரண்டு விதிகளை 1609-ல் புத்தகமாக வெளியிட்டபோது இந்த ஊரில்தான் இருந்தார் என்று அவர் சொன்னபோது, கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல எனக்குப் புல்லரித்தது.

அந்த ஊர்ப் பெரிய கடிகாரத்தின் முன்னால் ஒரு கதை சொன்னார். இன்னொரு ஊருக்கு இதே மாதிரி செய்து கொடுத்துவிடக் கூடாது என்று, செய்த ஆசாமியின் கண்களைக் குருடாக்கி விட்டார்களாம். என் சகதர்மிணி "ஐயோ பாவம்" என்றாள். வழிகாட்டி அம்மாள் சிரித்துக்கொண்டே, "இது கதை. ஆவணப்படி 1410-ல் இதைச் செய்தவர் வேறு ஒருவர், அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார். கதையையும் சொல்லி, வவுச்சரையும் காட்டினார். எனக்குப் பரம திருப்தி.

காபி சாப்பிடும்போது அவர், "உங்கள் ஊரும் பழைய தலைநகரம்தானே? யார் நிர்மாணித்தது?" என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "நிஜாம்" என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

ராத்திரி அறைக்கு வந்ததும் என் பெண் கைபேசியைப் பார்த்துவிட்டு, "அப்பா, நிஜாம் இல்லை. முகம்மது குலி குதுப் ஷா, 1591. முதல் நிஜாம் வந்தது 1724-ல்" என்றாள். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் பிழை! 44 வருஷம் ஒரு ஊரில் உப்புப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அதன் ஜாதகத்தைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊர் திரும்பியதும் இதே மாதிரி ஒரு வழிகாட்டியை அமர்த்தி நம் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தோம். ஊரைச் சுற்றாதவன் இல்லை நான். வந்த விருந்தாளிகளை எல்லாம் சாலார்ஜங் மியூசியத்துக்கும் பிர்லா மந்திருக்கும் அழைத்துப் போனவன்தான். ஆனால் நாமாகப் பார்ப்பதற்கு, "அடுத்த மாசம், வெயில் தணியட்டும், மழை நிற்கட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனேன். 2019-ல் அவளுக்கு முழங்கால் வலி ஆரம்பித்தது. அதன்பின் கொரோனா. கடைசியில் நாங்கள் கிளம்பியது 2024 ஜனவரியில். பிராகின் கல் தெருக்களில் என்னைவிட வேகமாக நடந்தவளுக்கு, அதற்குள் எங்கள் வீட்டு மூன்று வாசல் படி இறங்கவே கைப்பிடி தேவைப்பட்டது.

வழிகாட்டி முப்பது வயது இளைஞர். சுற்றுலாத் துறை அடையாள அட்டை வைத்திருந்தார். பழைய நகரத்தில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பையன். காலை எட்டரை மணிக்கு லாலாகுடாவுக்கே காரோடு வந்துவிட்டார். என்னை "அங்கிள்" என்றும் அவளை "அம்மா" என்றும் கூப்பிட்டார். தெலுங்கும் ஹிந்தியும் கலந்து பேசிக்கொண்டோம்.

முதலில் நிறுத்திய இடம் உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகம். அங்கே ஒரு புளியமரம். 1908 செப்டம்பர் 28-ந் தேதி மூசியில் வந்த பெருவெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இந்த மரத்தின் கிளைகளைப் பிடித்துக்கொண்டு சுமார் 150 பேர் பிழைத்தார்களாம். அதற்குப் பிறகுதான் நிஜாம் அரசு மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்தது. அவர் சொன்ன யோசனையின்படி 1920-ல் உஸ்மான் சாகரும், 1927-ல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. எத்தனை வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்திருப்போம்! அந்த ஆஸ்பத்திரி வாசலைக் கணக்கில்லாத தடவை கடந்து போயிருக்கிறேன். மரத்தை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு சார்மினார். அங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். அவர் உற்சாகமாக ஆரம்பித்தார். பாக்மதி என்ற நடனமாதின் மேல் சுல்தானுக்கு ஏற்பட்ட காதலால் பிறந்த நகரம் என்றார். இங்கிருந்து கோல்கொண்டாவுக்குச் சுரங்கப் பாதை உண்டு என்றார். ஒவ்வொன்றுக்கும் நான், "இதற்கு ஆதாரம் உண்டா? யார் பார்த்தது? எந்த வருஷம்?" என்று குறுக்கிட்டேன். நான்காவது கேள்வியில் பையன் பேச்சை நிறுத்திவிட்டார். "கேளுங்கள் அங்கிள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று சொல்லி, மௌனமாக நடக்க ஆரம்பித்தார்.

என் சகதர்மிணி என்னைத் தனியே கூப்பிட்டாள். "ஏன்னா, அந்தப் பிள்ளை முகம் வாடிப் போச்சு. இது என்ன உங்க ஆபீஸா? பிராக்ல அந்த அம்மா கதை சொன்னப்போ வாயைப் பொளந்துண்டு கேட்டேளே!"

நியாயம்தான். நான் அவரிடம் போய், "தம்பி, கோபித்துக்கொள்ளாதே. நீ எல்லாக் கதையையும் சொல்லு. சொன்ன பிறகு, எது கதை, எது சரித்திரம் என்று நீயே பிரித்துக் கொடுத்துவிடு" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அங்கிள், கதை சொன்னால்தான் ஜனங்கள் நிற்கிறார்கள். வருஷம் சொன்னால் வளையல் கடைக்குப் போகலாம் என்கிறார்கள். நீங்கள் கேட்டால் நான் சந்தோஷமாகச் சொல்வேன்" என்றார்.

அப்புறம் பாருங்கள்! பாக்மதி விஷயத்தில் சரித்திரக்காரர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. சுரங்கப் பாதையை யாரும் கண்டுபிடித்ததில்லை என்று அவரே சொன்னார். 1591 அக்டோபரில் ஹிஜ்ரி 1000 பிறந்தது. அந்தச் சமயத்தை ஒட்டி எழுந்தது இந்தக் கட்டிடம். ஒவ்வொரு பக்கமும் 20 மீட்டர். நான்கு வளைவுகளும் நான்கு திசையை நோக்க, அவற்றிலிருந்து நான்கு ராஜபாட்டைகள். நகரத் திட்டத்தை வகுத்தவர் மீர் மோமின் என்ற மந்திரி. மேல்தளத்தில் ஒரு மசூதி. கடிகாரங்கள் 1889-ல் வந்தவை. இவ்வளவும் அவருக்கு மனப்பாடம். குறை அவர் படிப்பில் இல்லை, நான் கேட்ட விதத்தில்தான்.

மத்தியானம் கோல்கொண்டா. ஹைதராபாத் பிறப்பதற்கு முன் குதுப் ஷாஹிகளின் தலைநகரம் இதுதான். சுமார் 10 கிலோமீட்டர் வெளிச்சுவர், 87 கொத்தளங்கள். 1687-ல் எட்டு மாத முற்றுகைக்குப் பின் ஔரங்கசீப்பிடம் விழுந்தது, அதுவும் உள்ளிருந்து ஒருவன் கதவைத் திறந்துவிட்டதால். வைரத்துக்குப் பேர்போன ஊர் என்றாலும் வைரம் இங்கே விளையவில்லை. கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர் போன்ற சுரங்கங்களில் எடுத்து, இங்கே கொணர்ந்து விற்றார்கள்.

உச்சிக்குப் போக சுமார் 360 படிகள். என் சகதர்மிணி அண்ணாந்து பார்த்தாள். "நீங்க போய்ட்டு வாங்கோ. நான் இந்தத் திண்ணைல உக்காந்துக்கறேன்" என்றாள். 1975-ல் எங்களுக்குக் கல்யாணமான புதிதில், கோல்கொண்டா போகலாமா என்று முதலில் கேட்டவள் அவள். ராமதாஸரை அடைத்துவைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. "ஆடிட் முடியட்டும்" என்றேன். எந்த ஆடிட் என்று இப்போது எனக்கே ஞாபகம் இல்லை.

நான் மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். வழியில் ராமதாஸர் சிறை. இருட்டான ஒரு அறை. சுவரில் தெய்வத் திருவுருவங்கள். பத்ராசல ராமதாஸர் என்று நாம் பஜனையில் பாடும் கோபன்னா, தானா ஷாவிடம் வரி வசூல் அதிகாரி. அரசாங்கப் பணத்தை எடுத்து ராமனுக்குக் கோயில் கட்டினார், அதற்காகச் சிறைப்பட்டார். ராமலக்ஷ்மணர்களே வந்து பாக்கியைத் தீர்த்து ரசீது வாங்கியதாக ஐதீகம். அதன்பின் ஸ்ரீராமநவமி கல்யாணத்துக்குத் தானா ஷா முத்து அனுப்பியதாகவும், அந்த வழக்கம் நிஜாம் காலத்திலும் அதன்பின் அரசாங்கத்தாலும் தொடர்ந்ததாகவும் அந்த முஸ்லிம் பையன் அத்தனை மரியாதையோடு சொன்னான். அனுமதியில்லாத செலவு! தணிக்கைக்காரனாக என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் கைகூப்பாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த ரசீதுக்கு மட்டும் நான் வவுச்சர் கேட்கவில்லை. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன், அவளுக்குக் காட்ட.

உச்சி மண்டபத்தில் நின்றபோது பையன், "கீழே வாசல் குவிமாடத்துக்கு அடியில் கை தட்டினால் இங்கே கேட்கும் அங்கிள். ஒரு கிலோமீட்டர்" என்றான். அபாயம் வந்தால் அரசனுக்குத் தெரிவிக்க அப்படி அமைத்தார்களாம். எனக்குச் சந்தேகம். ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் என்றால் மூன்று விநாடி ஆக வேண்டும். அவளைக் கைபேசியில் கூப்பிட்டு, குவிமாடத்தின் கீழே வந்து தட்டச் சொன்னேன். கைபேசியில் தட்டல் கேட்ட நொடியிலிருந்து எண்ண வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்பலாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எது யாருடையது என்று எப்படித் தெரியும்? கைபேசியும் பாதியில் அறுந்துவிட்டது. நான் இறங்கத் திரும்பினேன்.

அப்போது அந்த ஓசைகளுக்கு நடுவே, தாளத்தோடு ஒரு தட்டல் கேட்டது. நம் சனிக்கிழமை பஜனையில் நாமாவளிக்குத் தட்டுவோமே, அந்தத் தாளம். ஒன்று, சிறிது நிறுத்தி, விரைவாக இரண்டு. நாற்பது வருஷத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கை. அவளுடையதேதான், இவ்வளவு உயரத்தில் தெளிவாகக் கேட்டது. விநாடி எண்ண மறந்துவிட்டேன். மூன்று விநாடிக் கணக்கு இன்னும் முடிக்கப்படாமல்தான் இருக்கிறது.

இறங்கி வந்ததும், "கேட்டுதா?" என்றாள். "கேட்டது" என்றேன். "மேலே என்ன இருந்தது? ஒண்ணு விடாம சொல்லுங்கோ" என்றாள். முக்கால் மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து, சிறையையும், பாறையை ஒட்டி இருக்கும் மகாகாளி சன்னிதியையும், தெரிந்த ஊரையும் வர்ணித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நன்னாதான் சொல்றேள். அப்பவே கூட்டிண்டு வந்திருந்தா, நானே பார்த்திருப்பேன்" என்றாள். குற்றம் சாட்டவில்லை; சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குப் பதில் இல்லை.

இந்தப் பத்திரிகை பல ஊர்களுக்குப் போகிறது. ஆகவே எல்லோருக்குமாகச் சொல்கிறேன். மாதுங்காவில் இருப்பவர்கள் பக்கத்துச் சயான் கோட்டைக்கு ஏறியதுண்டா? சென்னையில் இருப்பவர்கள் ஜார்ஜ் கோட்டைக்குள் போனதுண்டா? திருவனந்தபுரத்தில் குதிரை மாளிகை? பிள்ளைகள் அழைத்தால் வெளிநாடு போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு நாள் உங்கள் ஊரிலேயே அந்நியரைப் போல ஒரு வழிகாட்டியை அமர்த்துங்கள். அடையாள அட்டை பாருங்கள். கட்டணத்தையும் நேரத்தையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முழங்கால் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதற்குத் தகுந்தபடி வழி அமைப்பார்கள். எங்கள் பக்கம் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்தது. கதையைக் கேளுங்கள். பிறகு, எது கதை, எது சரித்திரம் என்று அன்பாகக் கேளுங்கள். முக்கியமாக, வீட்டில் யாராவது போகலாமா என்று கேட்டால், அந்த மாசமே போய்விடுங்கள். கோட்டைகள் நானூறு வருஷமாக நிற்கின்றன, இன்னும் நிற்கும். நம் கால்கள் அப்படியில்லை.