பிள்ளையின் படிப்புக்கு இரு காவல்கள்

(மலாக்கா மாநிலத் தோட்டப் பெற்றோர்களுக்கான உரை)



விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரை முடித்து, பாலை நிறுத்துப் போட்டுத் திரும்பும் உங்களுக்கு ஓய்வு அரிது என்பதை நாம் அறிவோம். பிள்ளையின் படிப்பைப் பற்றிச் சட்டம் என்ன கூறுகின்றது, அப்படிப்புக்கென நீங்கள் சேர்க்கும் பணத்தை அது எவ்வாறு காக்கின்றது என்னும் இரண்டையும் இன்று விளக்க விரும்புகின்றோம்.

அந்நாளைய மலாய்க் கூட்டு மாநிலங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி அமைக்கும் கடமையை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிக்கு விதித்தது. பிள்ளையை அனுப்புவதோ பெற்றோரின் விருப்பமாகவே நின்றது. இன்று அந்நிலை இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 29ஏ பிரிவின்படி, 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாகும். ஜனவரி முதல் நாளில் ஆறு வயது நிறைந்த பிள்ளையை அவ்வாண்டிலேயே பள்ளியில் சேர்ப்பதும், தொடக்கக் கல்விக் காலம் முழுவதும் மாணவராகவே வைத்திருப்பதும் பெற்றோரின் கடமை. தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025இல் மக்களவையில் நிறைவேறியது.

"மாணவராகவே வைத்திருப்பது" என்னும் சொல்லைக் கவனியுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளை வீட்டில் நிறுத்துவதும், பால் எடுக்க மகனை அழைத்துச் செல்வதும் சிறு உதவிகளாகத் தோன்றலாம். அவ்வாறு நின்ற பிள்ளை பாடத்தில் பின்தங்கி, வெட்கமுற்றுப் பள்ளியையே வெறுத்துவிடுகின்றது. தோட்டம் கைமாறி ஜாசினுக்கோ அலோர் காஜாவுக்கோ மலாக்கா நகருக்கோ குடிபெயர நேர்ந்தால், புறப்படுமுன் தலைமையாசிரியரைக் கண்டு பள்ளி மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பிறப்புப் பத்திரத்தில் குறை இருந்தால் பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள். தேசியப் பதிவிலாகாவையும் மாவட்டக் கல்வி அலுவலகத்தையும் உடனே நாடுங்கள். காலம் கடக்கக் கடக்கச் சிக்கலும் வளரும்.

அடுத்துப் பணத்தின் காவல். குடும்பத் தலைவர் திடீரென மறைந்தால், படிப்புக்கென வைத்த பணம் உறவினர் வழக்கில் சிக்குவதுண்டு. இதைத் தவிர்க்கும் ஏற்பாடே அறக்கட்டளை. குறித்த பயனுக்காக ஒருவர் பொறுப்பில் பணத்தை ஒப்படைப்பதே அதன் பொருள். அப்பொறுப்பாளர் அறங்காவலர் எனப்படுவார். பணம் அவர் கையில் இருப்பினும் அவருடையதன்று.

இது செல்வந்தருக்கு மட்டும் உரியதன்று. முஸ்லிமல்லாத ஒருவர் தம் ஆயுள் காப்புறுதியில் மனைவியையோ கணவரையோ பிள்ளையையோ நியமித்தால், 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி அத்தொகை அவர்களுக்கான அறக்கட்டளையாகின்றது. உயிலிலும் இவ்வேற்பாட்டைச் செய்யலாம். உயிலுக்கு இரு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவர்தம் கணவன் மனைவியோ சாட்சியாகக் கையொப்பமிட்டால் அவருக்குரிய பங்கு செல்லாது. திருமணத்துக்கு முன் எழுதிய உயில் பொதுவாகத் திருமணத்தால் இரத்தாகிவிடும். நம்பகமான உறவினர் இல்லாதோர் அமானா ராயா நிறுவனத்தை அறங்காவலராக நியமிக்கலாம். 1921இல் தோன்றிய அரசாங்கப் பொது அறங்காவலர் இலாகாவே 1995இல் அந்நிறுவனமாயிற்று. முஸ்லிம் அன்பர்களுக்குரிய விதிகள் வேறு. அவர்கள் தனியே ஆலோசனை பெறுக.

ஊர் கூடி மாணவர் நிதி திரட்டுவோருக்கும் ஒரு சொல். வசூலை ஒருவர் பெயரில் வங்கியில் போடாதீர்கள். அவர் மறைந்தால் பொதுப் பணம் அவர் சொத்தோடு கலந்து முடங்கும். 1952ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டத்தின்படி, கல்வி நோக்கமுள்ள அறங்காவலர் குழு பதிவு பெறலாம். ஆட்கள் மாறினும் அமைப்பு நிலைக்கும். நன்கொடைக்கு வரிவிலக்கு வேண்டின் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அனுமதி தனியே தேவை.

ஐயமுள்ளோர் சட்ட உதவி இலாகாவை அணுகுக. இன்றிரவு வீடு சென்றதும் பிறப்புப் பத்திரம், காப்புறுதிப் பத்திரம், சேமநிதி நியமனப் படிவம் ஆகிய மூன்றையும் எடுத்துப் பாருங்கள். அவற்றிலுள்ள பெயர்கள் சரியானவையா என்று பிள்ளைகளையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.