ஆண்டவன் சித்தமும் நம் கடமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் புதியதன்று. மனிதன் தன் குழந்தையை முதன்முதல் மண்ணுக்குக் கொடுத்த நாள்தொட்டுக் கேட்டு வருவதே அது. எல்லாம் வல்லவனும் கருணையே வடிவானவனுமாகிய ஆண்டவன் ஒருவன் உளனாயின், அவன் படைத்த உலகில் புயலும் பூகம்பமும் பஞ்சமும் பிணியும் ஏன்? தீங்கறியாத சிசு மடிவதேன்? தடுக்க வல்லவன் தடுக்காதிருத்தல் கருணையாகுமோ? தடுக்க விரும்பியும் இயலாதவன் ஆண்டவனாவானோ?

நம் பக்கத்தில் இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்கு அருகிலுள்ள முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் முதல் வெடிச் சப்தம் கேட்டு உதவ ஓடியவர்களும் பார்க்க வந்தவர்களுமே. 2021-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளத்தில் 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னரும் ஒருவர் இருவராய் மாண்டவர் பலர். அத்தகைய துக்க வீடுகளில் இரண்டு சொற்கள் கேட்கப்படுகின்றன. ஒன்று, "கடவுளே, உனக்குக் கண் இல்லையா?" என்பது, அது பறிகொடுத்தவர் சொல். மற்றொன்று, "விதி, யார் என்ன செய்வது?" என்பது, அது பெரும்பாலும் பார்க்க வந்தவர் சொல். இவ்விரண்டையுமே நாம் இன்று ஆராயப் புகுகிறோம்.

நம் முன்னோர் இக்கேள்விக்கு விடை கூறாமற் போகவில்லை. அவரவர் முன்செய்த வினையை அவரவர் நுகர்கின்றனர், ஆண்டவன் பட்சபாதமின்றி அதனைக் கூட்டுவிக்கிறான் என்பது ஒரு விடை. சைவ சித்தாந்தம் இன்னும் ஆழ்ந்து செல்கிறது. இறைவனுடைய ஐந்தொழில்களுள் மறைத்தலையும் ஒன்றாக வைத்து, உயிர் இன்ப துன்பங்களை நுகர்ந்து பக்குவமடையும் வரையில் அவன் தன்னை மறைத்து நிற்பதும் அருளேயாம் என்று அது கூறுகிறது. சூலை நோயினால் திருநாவுக்கரசர் ஆட்கொள்ளப்பட்ட சரிதத்தை இதற்குச் சான்றாகப் பெரியோர் காட்டுவர். நம் சிற்றறிவைக் கொண்டு பேரறிவை அளக்கலாகாது என்பது மூன்றாவது விடை. கிறிஸ்து மதத்தைத் தழுவிய நம் சகோதரர்கள் யோபு என்னும் நீதிமானின் சரித்திரத்தை எடுத்துக் காட்டுவர்.

இவற்றில் எதனையும் இகழ்வது நம் கருத்தன்று. ஆனால் ஒரே விடை ஒருவர் வாயில் மருந்தாகவும் மற்றொருவர் வாயில் விஷமாகவும் ஆகிவிடுகிறது. இதை விளக்க, நம் ஜில்லாவுக்கு அண்டையில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுவோம்.

1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீஹாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம் உண்டாகி 10,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். மகாத்மா காந்தி அச்சமயம் ஹரிஜன யாத்திரையாக நம் தமிழ்நாட்டில் இருந்தார். அதே மாதம் 24-ந் தேதி திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்காக ஆண்டவன் அளித்த தண்டனையே இப்பூகம்பம் என்று தாம் நம்புவதாகக் கூறினார். மகாகவி ரவீந்திரநாத் தாகூர் மகாத்மாவிடம் பெருமதிப்பு வைத்தவர், தீண்டாமையை வெறுத்தவர். ஆயினும் அவர் உடனே மறுப்பு எழுதினார். இயற்கை உற்பாதங்களுக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு. மனிதனுடைய ஒழுக்கக் குறைவைப் பார்த்துப் பூமி நடுங்குவதில்லை. இவ்வித வாதம் மகாத்மாவைவிட அவருடைய எதிரிகளுக்கே அதிகம் பொருந்தும் என்பது அவர் கருத்து. மகாத்மா அம்மறுப்பைத் தம் "ஹரிஜன்" பத்திரிகையிலேயே பிரசுரித்து, தம் நம்பிக்கையை விடாமல் பதிலும் எழுதினார்.

இருவரில் எவர் பக்கம் நியாயம்? பூகம்பத்தின் காரணத்தைப் பற்றிய மட்டில் தாகூர் சொன்னதே உண்மை. இமயத்தின் அடியில் பூமியின் பெரும்பாறைகள் ஒன்றையொன்று நெருக்குவதால் அங்கே நிலம் நடுங்குகிறது. இடிந்து விழுந்த வீடு தீண்டாமை பாராட்டியவனையும் அதனால் வருந்தியவனையும் ஒருங்கே நசுக்கிற்று. ஆயினும் மகாத்மாவிடத்தில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. "நாம் செய்த பாவம்" என்று அவர் தம்மையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டார். அத்துடன் நின்றாரா? ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரண வேலைக்குப் போகுமிடமெல்லாம் பொருள் திரட்டினார். மார்ச்சு மாதத்தில் தாமே பீஹாருக்குச் சென்று இடிபாடுகளிடையே நடந்தார்.

இந்த விவாதத்தை மற்றெவரினும் கூர்ந்து நோக்க வேண்டியவர்கள் நாம். 1897-ம் வருஷத்தில் நம்மவர் கமுதிக் கோவிலுள் பிரவேசித்ததற்காக வழக்கு நடந்ததையும், அது 1908-ல் பிரிவி கவுன்சில் வரை சென்று நமக்கு விரோதமாகவே முடிந்ததையும், 1899-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சிவகாசி தாக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. கோவிற் கதவை நமக்கு அடைத்தவர்கள் காட்டிய நியாயம் யாது? "முற்பிறப்பின் வினையால் நீங்கள் இக்குலத்தில் பிறந்தீர்கள், வெளியில் நிற்பதே உங்களுக்கு விதித்தது" என்பதன்றோ? வினைக்கொள்கை பிறர் வாயிலிருந்து நம்மேல் எறியப்பட்டபோது அது எவ்வளவு சுட்டது என்பதை நம் பாட்டன்மார் அறிவர். அவர்கள் அதை ஏற்று அடங்கியிருக்கவில்லை. மகமை சேர்த்தார்கள், வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையை வளர்த்தார்கள், 1910-ல் பொறையாற்றில் மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்தார்கள்.

அவ்வாறு சுடப்பட்ட குலத்தில் வந்த நாம், நம் ஆலையில் கணவனை இழந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "உன் தலையெழுத்து, அம்மா" என்று சொல்லலாமோ? அவள் எக்குலத்தவளாயினும் சொல்லலாகாது. தன் துன்பத்தைத் தன் வினை என்று தானே எண்ணி ஒருவர் ஆறுதல் பெறுவாராயின், அது அவருடைய பக்தி. அதைத் தொட நமக்கு உரிமையில்லை. பிறர் துன்பத்தை அவர் வினை என்று நாம் சொல்லுவோமாயின், அது நீதிபதியின் பீடத்தில் நாமே ஏறி உட்காருவதாகும். யோபுவின் சரித்திரமும் இதையே போதிக்கிறது. அவனுடைய நண்பர்கள் ஏழு நாள் அவனுடன் தரையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தனர். பின்பு வாய் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று வாதித்தனர். முடிவில் ஆண்டவனுடைய கோபம் அந்த நண்பர்கள் மேலேயே வந்தது.

இனி, ஆண்டவன் செயல் என்று நாம் சொல்லுவனவற்றில் எத்தனை உண்மையில் அவன் செயல் என்பதைப் பார்ப்போம். 1876 முதல் 1878 வரையில் நேர்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் மழை பொய்த்தது. அது வானத்தின் செயல். அப்போதும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறுவது நிற்கவில்லை. நிவாரண வேலை செய்தவனுடைய நாட்கூலியில் தானியம் ஒரு ராத்தலாகக் குறைக்கப்பட்டது. இவை மனிதர் செயல். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுமத்ராவுக்கருகில் கடலடி நிலம் பிளந்து அலை எழுந்தது. நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். வேளாங்கண்ணி மாதாவைத் தரிசிக்க வந்த யாத்திரிகரும் மாண்டனர். அந்த அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இந்து மகா சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை ஏற்பாடு இருந்திருந்தால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும். 2007-ம் வருஷத்தில் ஹைதராபாத்தில் அத்தகைய நிலையம் ஏற்பட்டது. கடல் எழுந்தது நம் கையில் இல்லை. அந்த இரண்டு மணி நேரம் நம் கையில் இருந்திருக்கக் கூடியது.

பெரியம்மையை எண்ணிப் பாருங்கள். அம்மன் விளையாடுகிறாள் என்று நம் வீடுகளில் வேப்பிலை செருகி வைத்த காலம் உண்டு. 1796-ம் வருஷத்தில் ஜென்னர் கண்ட அம்மைப்பாலின் வழியே அந்நோய் அடக்கப்பட்டு, 1980-ல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதனால் மாரியம்மனுக்குக் குறைவு வந்ததா? பங்குனிப் பொங்கலில் விருதுநகரில் அக்கினிச்சட்டி ஏந்தும் கைகள் குறையவில்லை; இருக்கன்குடிக்குச் செல்லும் கூட்டமும் குறையவில்லை. தாய் பிள்ளையைக் கொல்ல விளையாடவில்லை, பிழைக்க வழி தேடும் அறிவையே கொடுத்தாள் என்று நாம் இப்போது எண்ணுகிறோம். நம் பக்தி இதனால் தெளிந்ததேயன்றிக் குறையவில்லை.

பட்டாசு ஆலை விஷயத்திலோ வானத்தைக் கேட்க வேண்டிய அவசியமே சொற்பம். மருந்து உராய்ந்தால் தீப்பற்றும். அலுமினியப் பொடி சேர்ந்த கலவை மிஞ்சிக் கிடந்து ஈரங்கண்டால் தானே சூடேறும். லைசென்ஸில் குறித்த தொகைக்கு மேல் ஆட்களை ஓர் அறையில் உட்கார்த்தினால் ஒருவருக்கு நேரும் விபத்து பலருக்கு நேரும். அறை போதாமல் மரத்தடியில் வேலை கொடுத்தால் தடுப்புச் சுவர் உதவாது. ஒருவர் பேரில் லைசென்ஸ் இருக்கப் பலர் குத்தகைக்கு எடுத்து நடத்தினால் பொறுப்பு ஒருவரிடத்தும் நில்லாது. முதலிப்பட்டி ஆலைக்கு முந்தின நாளே லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. இவற்றில் எதனை ஊழ் என்பது? வள்ளுவர் ஊழ் என்றோர் அதிகாரம் செய்தார். ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் செய்தார். முன்னதை மாத்திரம் படித்துப் பின்னதை மூடி வைப்பது வள்ளுவருக்குச் செய்யும் துரோகமாகும்.

சிலர், "துன்பத்திலிருந்தே நன்மை பிறக்கிறது, மழை மறைந்த பூமியாதலால் அன்றோ அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர்? வறட்சியே நமக்கு வாழ்வாயிற்று" என்பர். வாஸ்தவம், அது நம் பெரியோரின் பெருமை. ஆனால் அவர்கள் தங்கள் வறுமையைத் தாங்களே முயன்று வாழ்வாக்கினார்கள். ஒருவருடைய மரணத்தை மற்றொருவருடைய வாழ்வுக்கு விலை என்று கணக்கெழுத எவருக்கும் அதிகாரமில்லை.

எல்லாம் மனிதர் குற்றமென்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் விரும்பவில்லை. எவர் பிழையுமின்றி நோயுற்று மடியும் குழந்தை உண்டு. எச்சரிக்கை செய்தும் வீட்டை வாரிச் செல்லும் புயல் உண்டு. அங்கே ஆண்டவன் சித்தம் யாது என்று கேட்பவருக்குக் கொடுக்கத் தக்க விடை எதுவும் நம்மிடம் இல்லை. உலகைக் காக்க ஆலகாலத்தைத் தானே உண்டு கழுத்தில் தாங்கியவனை நாம் வணங்குகிறோம். துன்பத்தை அவன் தூர நின்று பார்ப்பவனல்லன் என்ற அவ்வளவே நம் நம்பிக்கை. "உனக்குக் கண் இல்லையா?" என்று அழும் தாயை நாஸ்திகை என்று எண்ண வேண்டாம். கேட்பதற்கு அவனைவிட்டால் வேறு ஆளில்லை என்று அவள் நம்புவதாலேயே அவனைக் கேட்கிறாள்.

ஆகையால், சகோதரர்களே, துக்க வீட்டில் "விதி" என்ற சொல்லை இனி நாம் உச்சரியாதிருப்போமாக. அருகில் உட்காருவோம், அடுப்பில் உலை வைப்போம், அவர்கள் சேர வேண்டிய நஷ்டஈடு கைசேரும் வரையில் கூட நடப்போம். ஆலை நடத்தும் நம் அன்பர்கள் ஆயுதபூஜையில் பொட்டிடும் கையாலேயே, குறித்த தொகைக்கு மேல் ஆள் இல்லை, மிஞ்சிய மருந்து இல்லை, குத்தகை இல்லை என்று எழுதிக் கையெழுத்திடுவார்களாக. மகமையில் ஒரு பங்கை, விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் எக்குலத்தவராயினும் அவர்கள் படிப்புக்கென்று ஒதுக்கும்படி நம் உறவின்முறைப் பெரியோர்களை வேண்டுகிறோம். பிடி அரிசியால் பள்ளிக்கூடம் வளர்த்த சமூகத்துக்கு இது பெரிய காரியமன்று.

ஆண்டவன் ஏன் இடங்கொடுத்தான் என்ற கேள்வியை அவன் சந்நிதியில் நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். நாம் ஏன் இடங்கொடுத்தோம் என்று அவன் நம்மைக் கேட்கும்போது சொல்ல நம்மிடம் விடை இருத்தல் வேண்டும். அதற்கு அவன் திருவருள் முன்னிற்பதாக என்று பிரார்த்திக்கிறோம்.