படத்தில் இல்லாத வார்ஃப் கிளார்க்



வத்தளையில் நீர்கொழும்பு வீதியைக் குறுக்கே கடக்க நின்றவர்களுக்குத் தெரியும்: ஒரு கொள்கலன் லொறி போய் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். களனிப் பாலத்துக்கு அந்தப்பக்கம் துறைமுகம். இந்தப்பக்கம் பேலியகொடை, வத்தளை, கெரவலப்பிட்டி என்று நீளும் களஞ்சியங்களும் யார்டுகளும். லொறி ஓடுவதற்கு முன்பே அதற்காக ஒரு கட்டுப் பேப்பர் ஓடி முடிந்திருக்கும். அந்தப் பேப்பரோடு ஓடுகிறவரை வார்ஃப் கிளார்க் என்போம். கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் இந்தத் தொழிலை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் உண்டு.

அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று மென்பொருள் எழுதுகிறார்கள். தகப்பன் காலால் ஓடிச் செய்த வேலையைக் கணினி தானே நகர்த்தும்படி செய்வது அவர்கள் தொழில். புரொசெஸ் ஒட்டோமேஷன் என்று அதற்குப் பெயர். அதற்கு முதல், வேலை யாரிடம் தொடங்கி யாரிடம் போய் முடிகிறது என்று படம் வரையவேண்டும். அது வேர்க்ஃப்ளோ மொடலிங். இந்த இரண்டையும் எப்படிக் கற்பிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு கொள்கலனை வெளியே எடுப்பதையே பாருங்கள். கப்பல் முகவரிடம் பணம் கட்டி டெலிவரி ஓடர் வாங்கவேண்டும். கஸ்டெக் என்கிற சுங்கப் பிரகடனத்தை அசிகுடாவில் பதியவேண்டும். அசிகுடா என்பது ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்பான அங்டாட் உருவாக்கிய சுங்கக் கணினி முறை. பல நாடுகளில் ஓடுகிறது. பிறகு வரி. வந்தது செடி, விதை என்றால் தாவரத் தொற்றுத்தடுப்புக்காரர் பார்க்கவேண்டும். தரம் பார்க்கவேண்டிய பொருளென்றால் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம். துறைமுக அதிகார சபைக்குத் தனிக் கட்டணம். நடுவில் அசிகுடா ஒரு நிறம் சொல்லும். பச்சையென்றால் விடலாம், மஞ்சளென்றால் பத்திரங்களைப் பார்க்கவேண்டும், சிவப்பென்றால் கொள்கலனையே திறந்து பார்க்கவேண்டும்.

பயிற்சி வகுப்பில் இதை வரையச் சொன்னால், கெட்டிக்காரப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள். பச்சை வழி, சிவப்பு வழி என்று கோடு இரண்டாகப் பிரிவதைச் சரியாக வரைவார்கள். கேற்றடியில் இரண்டையும் திரும்பச் சேர்க்கும்போது, "இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்வரை காத்திரு" என்ற குறியைப் போட்டுவிடுவார்கள். கொள்கலன் வருவது ஒரு வழியால் மட்டும். மற்ற வழியால் ஒருநாளும் ஒன்றும் வராது. ஆகவே கேற் திறக்காது. கணினி பிழை என்றும் சொல்லாது, பேசாமல் காத்துக்கொண்டிருக்கும். டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் மட்டும் நாளுக்கு நாள் ஏறும். "வங்கிக் கடிதம் கொண்டுவா" என்று கந்தோரும், "கந்தோர்க் கடிதம் கொண்டுவா" என்று வங்கியும் அலைக்கழித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல.

இப்படிச் சிக்கிக்கொள்ளும் இடத்தைக் கணக்குப்போட்டே கண்டுபிடிக்கலாம் என்பதற்கு அடித்தளம் போட்டவர் கார்ல் அடம் பெட்ரி என்ற ஜெர்மானியர். 1962இல் அவர் கொடுத்த கலாநிதிப் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் பெட்ரி வலை. வட்டங்களும் சதுரங்களும், அவற்றுக்குள் நகரும் புள்ளிகளும். இன்று வேலையோட்டம் வரைய உலகம் முழுக்கப் பாவிக்கிற பி.பி.எம்.என். குறியீட்டின் பொருளை விளக்கும்போதும் அந்தப் புள்ளியின் நகர்வைத்தான் சொல்கிறார்கள். வகுப்பில் நான் இதற்குக் கணினியைத் திறப்பதில்லை. மேசையில் படத்தை விரித்து, ஒரு ரூபாய்க் குற்றியை வைத்துத் தள்ளச் சொல்வேன். குற்றி எங்கே நிற்கிறதோ அங்கே பிழை. பதினைந்து நிமிட விளையாட்டு, ஆனால் ஒரு வாரப் பாடத்தைவிட அதுதான் மனதில் நிற்கிறது.

இந்தத் துறையில் கொழும்புக்கு ஒரு பெருமையும் உண்டு. 2002இல் ஐ.பி.எம்., மைக்ரோசொப்ட், பி.இ.ஏ. ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து, வேலை ஓட்டங்களைக் கணினிக்குச் சொல்வதற்கென்று பி.பி.இ.எல். என்றொரு மொழியை வெளியிட்டன. அதை எழுதியவர்களில் ஒருவர் நம் நாட்டவரான சஞ்சீவ வீரவரண, அப்போது ஐ.பி.எம்.மில் இருந்தார். பிறகு 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவர் முதன்மையானவர். அந்த நிறுவனம் இந்த மொழியில் எழுதியதை ஓட்டுகிற சேர்வரையும் திறந்த மூல மென்பொருளாகத் தந்தது. 2024இல் சுவீடனின் ஈ.கியூ.டி. முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது உலகச் செய்தியானது.

எனக்குச் சுவையாகப்படுவது வேறொரு விஷயம். பி.பி.இ.எல். மொழியின் முதல் வடிவத்தில் மனிதனுக்கு இடமே இல்லை. ஒரு கணினி இன்னொரு கணினியைக் கூப்பிடலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம், பிழை வந்தால் கையாளலாம். ஆனால் "இந்தப் பத்திரத்தை மேலதிகாரி பார்த்து ஒப்பமிடவேண்டும்" என்று சொல்ல அந்த மொழியில் ஒரு சொற்கூடக் கிடையாது. 2005இல் ஐ.பி.எம்.மும் எஸ்.ஏ.பி.யும் சேர்ந்து, மனிதர்களையும் சேர்ப்பதற்கு ஒரு நீட்டிப்பை முன்மொழிந்தன. அதன் பெயரே "மக்களுக்கான பி.பி.இ.எல்." என்ற பொருளில்தான் வரும். 2007இல் ஓயாசிஸ் அமைப்பு மூல மொழியைத் தரநிலையாக ஏற்றபோதும் மனிதன் தனி ஆவணத்தில்தான் வெளியே நின்றான். மொழியை எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை கணினிகளை இணைப்பது. ஆனால் எங்கள் பயிற்சிகளிலும் அந்தப் பழக்கம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மென்பொருளைத் திற, பெட்டியை இழு, கோட்டைப் போடு, சான்றிதழை வாங்கு. கிளார்க் எங்கே? 2011இல் வந்த பி.பி.எம்.என். இரண்டாம் பதிப்பில் மனிதன் செய்யும் வேலைக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, மூலையில் ஒரு சின்னத் தலையும் வரைந்திருக்கும். அந்தத் தலைக்குரியவரைப் போய்ப் பார்த்த மாணவர் எத்தனை பேர் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அதே பி.பி.இ.எல். மொழியில் நான் விரும்பிக் கற்பிக்கிற பகுதியும் ஒன்று உண்டு. ஈடுசெய்தல் என்று அதைச் சொல்லலாம். வெள்ளவத்தையில் ஒரு கல்யாணத்துக்கு மண்டபம், சாப்பாடு, படப்பிடிப்பு மூன்றுக்கும் முற்பணம் கட்டியாயிற்று. திகதி மாறிவிட்டது. கட்டியது கட்டாததாகிவிடுமா? மண்டபக்காரர் பாதியைப் பிடிப்பார், சாப்பாட்டுக்காரர் திகதியை மாற்றித்தருவார், படக்காரர் போனை எடுக்கமாட்டார். நடந்ததை அழிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு மாற்றுவேலை செய்துதான் சமப்படுத்தவேண்டும். 1987இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கெனத் சேலமும் நீண்ட நேரம் ஓடும் கணினிப் பரிமாற்றங்களுக்கு இதைத்தான் எழுதினார்கள். சாகா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வரி கட்டிய பிறகு பொருள் பழுதென்று திருப்பி அனுப்பப்படும் கொள்கலனை இந்தக் கண்ணால் பார்க்கவேண்டும். டெலிவரி ஓடருக்குக் கட்டிய காசு எங்கே போகும், வரியைத் திரும்பக் கேட்பது யாரிடம், அதற்கு எந்தப் பத்திரம்? படத்தில் நேர்வழி ஒரு பக்கத்துக்குள் அடங்கும். திரும்பிப்போகும் வழி நாலு பக்கம் பிடிக்கும். மென்பொருள் வாங்கியவர் பிறகு திட்டுவது எப்போதும் அந்த நாலு பக்கத்தைப் பற்றித்தான்.

அந்த நாலு பக்கமும் எழுதிவைத்த சட்டத்தில் இல்லை, கிளார்க்கின் தலைக்குள் இருக்கிறது. ஆகவே என் பயிற்சியில் முதற்பகுதி மடிக்கணினி இல்லாத பகுதி. கிளார்க் ஒருவரோடு காலையில் புறப்படவேண்டும். எந்த யன்னலில் எவ்வளவு நேரம் நிற்கிறார், எந்தப் பேப்பரில் மூன்று பிரதி, எந்த அறையில் கையெழுத்துப் போடுபவர் இல்லாவிட்டால் யார் போடுவார் என்று குறிக்கவேண்டும். ஃபிராங்க், லிலியன் கில்பிரெத் தம்பதியர் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் வேலையோட்டப் படங்களை அறிமுகப்படுத்தியபோது, செய்கிற வேலைக்கு மட்டுமல்ல, இடைநடுவே தங்கிக் கிடப்பதற்கும் குறி வைத்தார்கள். எங்கள் பிள்ளைகளின் படத்தில் காத்திருப்பு விடுபட்டுவிடுகிறது. அம்புக்குறி இரண்டு அங்குலம். அதற்குள் மூன்று நாள் ஒளிந்திருக்கும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைத்து வகுப்பு நடத்தக்கூடாது. "அண்ணை, நீங்கள் செய்வதையெல்லாம் சொல்லுங்கோ" என்று ஒரு இளம் பொறியியலாளர் கேட்கும்போது, அண்ணைக்குத் தெரியும், சொல்லி முடிந்ததும் தன் வேலைக்கு என்னாகும் என்று. அதனால் பாதியைத்தான் சொல்வார். அவரிடம் நேராகப் பேசத் தெரியவேண்டும். வரிசையில் நிற்பது, ஒரே விவரத்தை நாலு படிவத்தில் எழுதுவது போன்றவற்றைக் கணினிக்குக் கொடுக்கலாம். பொருளின் பட்டியலையும் விலையையும் பார்த்தவுடன் "இதில் சிக்கல் வரும், இப்போதே அந்தத் திணைக்களத்தோடு பேசுவோம்" என்று சொல்லும் தேர்ச்சி அவருடையது. அதைப் படத்தில் அவர் பெயருக்கு நேரே ஒரு வேலையாகவே வரையவேண்டும், முதலாளி பார்க்கும்படி. எல்லாருடைய வேலையும் பத்திரமாக இருக்கும் என்று வாக்குக் கொடுக்கிற உரிமை மென்பொருள் எழுதுபவருக்குக் கிடையாது. கொடுத்தால் அது பொய்.

பயிற்சியின் கடைசி வேலை, வரைந்து முடித்த படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, அதே கிளார்க்கிடம் ஒரு சிவப்புப் பேனையோடு கொடுப்பது. குறியீடெல்லாம் அவருக்கு விளங்கவேண்டியதில்லை. பெட்டிகளுக்குள் இருப்பதைத் தமிழிலோ சிங்களத்திலோ, அவர் எதில் வாசிப்பாரோ அதில் எழுதியிருந்தால் போதும். அவர் கோடுகளை வெட்டி, அம்புகளைத் திருப்பி, ஓரத்தில் "இது மாதக் கடைசியில் நடக்காது" என்று எழுதித் தந்தால் மாணவர் அந்தப் படத்தைத் திருத்தத் தொடங்கலாம். "எல்லாம் சரி தம்பி" என்று சுத்தமாகத் திரும்பி வந்தால் அவர் அதை வாசிக்கவே இல்லை. அந்த மாணவர் அடுத்தநாளும் துறைமுகத்துக்குப் போகவேண்டும்.