ஏலத்தூரடியில் டி.என்.ஏ.

போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏலத்தோட்டங்கள். தூரடிச் சருகை விலக்கினால் கறுப்பு மண். செத்த நுண்ணுயிர்களிலிருந்து கசிந்த டி.என்.ஏ. துணுக்குகள் அதில் கலந்திருக்கும்.

உலகெங்கும் மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா, கூட்டம் பெருகி இரை குறைந்ததும் அந்தத் துணுக்குகளை உள்ளே இழுக்கும். இரட்டை இழையில் ஒன்று சிதைந்துபோகும், மற்றது மட்டும் உள்ளே நுழையும். தன் மரபுத்தொடரோடு ஒத்துப்போனால் அங்கேயே கோத்துக்கொள்ளும். கூட்டத்தில் எல்லா செல்லும் இதைச் செய்யாது, ஒரு பகுதிதான் செய்யும். எனக்குப் பெரிய வியப்பே அதுதான்!

நிமோனியா கிருமியிடம் இப்படியொரு மாற்றத்தை 1928-இல் லண்டனில் கண்டவர் ஆய்வாளர் கிரிஃபித். அதற்குக் காரணம் டி.என்.ஏ.தான் என்று 1944-இல் நியூயார்க்கில் ஏவரி குழுவினர் காட்டினார்கள். மருந்துக்கு அடங்காத குணமும் இந்த வழியில் கிருமிக்குக் கிருமி கைமாறும். மறுபக்கம், பயிரின் அழுகல் நோயைத் தடுக்க மண்ணில் இடும் பாக்டீரியாக்களில் நம் சப்டிலிஸும் உண்டு.